பைனல் செக்‌ஷன் ஆளு

அது கெடக்கட்டும் தம்பி, போனை மொதல்ல பாக்கெட்ல வைங்க. வீடியோ எங்கியும் ஓடிடாது. வெயில் வேற மூஞ்சில அடிக்குது, இந்த வெளிச்சத்துல ஸ்கிரீன்ல எனக்கு ஒண்ணும் தெரியாது. சாய் குடிங்க. எங்க வூட்டுக்காரி மல்லிகா கோயிலுக்குப் போயிருக்கா, ஞாயித்துக்கெழமன்னா திரும்பி வர மத்தியானம் ஆக்கிடுவா. நானே போட்டது. சக்கர தூக்கலா இருந்தா சொல்லுங்க.

இன்னா பேரு சொன்னீங்க? ஹரிபிரசாத். கேம்ப் ஏரியால பேங்க்ல வேல பாக்கறது, வூடு போசரி பக்கம். ஆங், பத்ரி நேத்தே போன் பண்ணாரு, நம்ம பையன் ஒருத்தர அனுப்பறேன் அங்கிள்னு. அவராவே என் பேரு சொன்னாரா, இல்ல நீங்க கேக்கப் போய் சொன்னாரா? அவராவேதான். அச்சா. சுந்தரமூர்த்தி அங்கிள் ஒரு வார்த்த சொல்லிட்டாருன்னா கண்ண மூடிகினு வாங்கலாம்னாரா. அப்டியேவா சொன்னாரு? அவரு சம்சாரம் வனஜா பக்கத்துல இருந்திச்சா அப்ப? அதுவும் ஆமான்னு தலையாட்டிச்சா.

ம். ஒண்ணுமில்ல. சாய் சூடு, நாக்கு சுட்டுடுச்சி.

நீங்க வாங்கப் போற பழைய காரு எங்க நிக்கிது? கோலாப்பூர்ல. நீங்க போய்ப் பாக்கல. லீவு கெடைக்கல, சம்சாரம் ப்ரீதிய தனியா உட்டுட்டுப் போவவும் முடியாது, ஏழாம் மாசம். அவங்களுக்காகத்தான் வண்டியே. இந்தக் குழி ரோட்டுல ஆட்டோல குலுங்கிகினு ஆஸ்பத்திரிக்குப் போவக் கூடாதுன்னு. நாயந்தான். நான் இருந்தாலும் அப்டித்தான் நெனப்பேன். விக்கறவன் இன்னான்னா, பன்னெண்டு மணிக்குள்ள பணம் போட்டா வண்டி உனக்கு, இல்லன்னா வேற பார்ட்டி ரெடின்றான். நீங்க வீடியோவ எங்கிட்ட காட்டறது, நான் ஓகேன்றது, இங்கியே உக்காந்து பணத்த தட்டி உட்டுடறது. அவ்ளோதான விஷயம்.

சொல்றேன். சொல்லமாட்டேன்னா சொன்னேன்? பன்னெண்டுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல கெடக்குது. அதுக்குள்ள நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுடுங்க. உங்க பைக்க இந்த வேப்ப மர நெழலுக்குத் தள்ளி வைங்க. இன்னா தம்பி இவ்ளோ புழுதி, லாரி பின்னாலயே வந்தீங்களா? இருங்க, துணி இருக்குது, ஒரு கை போட்டு உட்டுடறேன். அட, நீங்க உக்காருங்க, எனக்கு ஒரு சிரமமும் இல்ல. பேசறப்ப கை சும்மா இருந்தா எனக்கு வார்த்த வராது.

காம்பவுண்டு ஓரமா நீலத் தார்பாய் தெரியுது பாருங்க. அதுக்குக் கீழ ஒரு காடி நிக்கிது. பழைய பியட்டு காரு. பத்மினி. எண்பத்து நாலு மாடல், பால் கலரு. மூணு வருஷமா அதே எடத்துலதான். இல்ல, ஓடாது. வந்த நாள்லேந்து ஒரு அடி ஓடல. அத நான் கண்ணால பாக்காம வாங்கினேன். உங்கள மாதிரி. அதத்தான் சொல்ல வரேன்.

ரிடையர் ஆயி வூட்ல உக்காந்திருந்தேன். ஒரு பழைய காடி வாங்கி, பிரிச்சிப் போட்டு, ஒவ்வொண்ணா மறுபடி கோத்து, நம்ம கையால ஓட வைக்கணும்னு ஒரு வெறி. எதுக்கு அந்த வெறின்னு அப்பால சொல்றேன். மொபைல்ல பழைய வண்டி விக்கறவங்க குரூப்பு ஒண்ணு இருக்குது, அதுல வந்திச்சி இது. வண்டி குடியாத்தத்துல. எங்க தாத்தா மிலிட்டரி ஆர்டினன்ஸ் பாக்டரி வேலைக்கு இந்த மராட்டிக்காரங்க ஊரு கட்கிக்கு வந்து சேந்தவரு. நான் பொறந்ததே இங்கதான். ஆனா எந்த ஊருன்னு எவனாச்சும் கேட்டா குடியாத்தம்னுதான் வாயில வரும். மொத்தமா மூணு தடவ போயிருப்பேன் அங்க. போன் பண்ணா அந்த ஆளு எடுத்ததுமே, இன்னாண்ணா, பேச்ச கேட்டா நம்ம பக்கம் மாதிரி கீது, நாஷ்டா ஆச்சான்றாரு. நான் அங்கியே கவுந்துட்டேன் தம்பி. பொழுது முச்சூடும் ஹிந்தி மராட்டின்னு பேசி வாய் காஞ்சி கெடக்கறவங்கிட்ட ஒருத்தன் எங்க அப்பா பேசின பேச்ச பேசறான். அவன் பொய் சொல்லுவான்னு தோணுமா?

பன்னெண்டு போட்டோ அனுப்பிச்சாரு. காலங்காத்தால எடுத்தது. வண்டி அப்டி மினுக்குது. போனெட்ல தென்ன மரம் தெரியுது, மேல போற மேகம் தெரியுது. அடிப்பாகம் காட்டுங்க, ஸ்டார்ட் பண்ணி காட்டுங்கன்னு நான் கேக்கணுமா இல்லியா? கேக்கல. பேச்சுவாக்குல, முப்பத்தோரு வருஷம் ஆகுர்டில வண்டிக் கம்பெனில இருந்தேன்னு சொல்லியிருந்தேன். எந்த செக்‌ஷன்ணான்னாரு. பைனல்னேன். அவ்ளோதான், கப்புனு புடிச்சிகினாரு. அடடே, இன்ஸ்பெக்டரண்ணா, உங்களுக்குப் போயி நான் இன்னா சொல்றது, போட்டோவ பாத்தாலே வண்டியோட ஜாதகம் தெரிஞ்சிடுமே உங்களுக்குன்னாரு. ஆமா, தெரியுதுன்னேன்.

அந்த ஒரு வார்த்ததான். ஆமா தெரியுதுன்னேன்.

மல்லிகா சொன்னா, ஒரு நட போய் பாத்துட்டு வாய்யா, குடியாத்தம் இன்னா அமெரிக்காவான்னு. கட்கி பஜார்ல ஜம்புன்னு ஒரு மெக்கானிக், ஷெட்டு வச்சிருக்காரு, தங்கமான ஆளு, கையெல்லாம் கறுப்பா இருக்கும், மனசு வெள்ள. அவரு வந்து, மாமா, டிக்கெட் மட்டும் போடு, நானும் வரேன், அடில பூந்து பாத்துட்டு சொல்லிடறேன்னாரு. வேணாம்னுட்டேன். நம்ம ஜனங்க இருக்காங்க பாருங்க, கட்கிலேந்து தேஹு ரோடு வரைக்கும், எவன் பழைய வண்டி வாங்கினாலும் சுந்தரமூர்த்திய கூட்டிகினு போயி காட்டாம வாங்க மாட்டான். இருவது வருஷமா அதான் வழக்கம். முன் சீட்ல உக்கார வச்சி கூட்டிகினு போவாங்க, வழில வடா பாவ் வாங்கிக் குடுப்பாங்க. அப்பேர்ப்பட்ட ஆளு தன் வண்டி வாங்க ஒரு மெக்கானிக்க கூட்டிகினு போனா மானம் கப்பலேறிடாது?

சரி, தனியா போயிருக்கலாம்னு கேக்கறீங்க. போயிருக்கலாம். போனா வண்டிக்கு அடில படுத்துப் பாக்கணும். அந்த ஆளு பக்கத்துல நின்னுகினு, இன்னாண்ணா, எப்டி கீதும்பாரு. அதுக்கு ஏதாச்சும் பதில் சொல்லணும். முட்டி வேற வலி எனக்கு. வயசாச்சில்ல. போவாமலே வாங்கறது மேல்னு பட்டுச்சி.

இந்த சைலன்சர் பக்கம் சேறு காஞ்சி கெடக்குது பாருங்க. வாரத்துக்கு ஒரு நாளு தொடைக்கக் கூடாதா நீங்க?

வந்திச்சி தம்பி, லாரில வந்திச்சி. சொல்லி வச்ச மாதிரி தெருவே கூடிடுச்சி. எதிர் வூட்டு மராட்டிக்கார அம்மா ஆரத்தித் தட்டோட வந்துட்டாங்க. டயர் கீழ எலுமிச்சம்பழம் வச்சாங்க. பத்ரியும் வனஜாவும் மால வாங்கிகினு வந்தாங்க. லாரிலேந்து எறக்கறப்பவே முன் சக்கரம் உருளல, தேச்சிகினே வந்திச்சி, சிமென்ட்ல கறுப்பா கோடு உழுந்திச்சி. பாருங்க, இன்னும் லேசா தெரியுது. எல்லாரும் ஒதுங்கி எனக்கு வழி உட்டாங்க. அங்கிள் பாக்கட்டும், நவுருங்க, அங்கிள் பாக்கட்டும்.

போனெட்ட தெறந்தேன். உள்ள இஞ்சின்னு ஒண்ணு இருந்திச்சி, அதுல பாதிய காணோம். ஒரு எடத்துல பெரிய ஓட்ட, அதுல பழந்துணிய அடச்சி வச்சிருக்கான். அது கார்ப்பரேட்டர் இருக்க வேண்டிய எடம்னு அப்பால ஜம்பு சொன்னாரு. கதவ தெறந்து கால வச்சா, ரப்பர் மிதியடிக்குக் கீழ டொய்ங்குனு அமுங்குது. எண்ண டின்ன வெட்டி, தட்டி, கறுப்பு பெயின்ட் அடிச்சி தரையா போட்டிருக்கான். லேசா தூக்கினா நம்ம தெரு தெரியுது, என் செருப்பு தெரியுது. ஜம்பு கூட்டத்துக்குப் பின்னால நின்னுகினு இருந்தாரு, அவரு மூஞ்சிய நான் பாக்கல. பாக்க தைரியம் இல்ல. வனஜா மாலய கைல வச்சிகினு என்னியே பாத்துகினு இருக்குது. நான் நாலு விரலால போனெட்ல தட்டினேன். ம், ரெண்டு மாசத்துல ரோட்ல உட்டுடலாம்னேன். கை தட்டினாங்க தம்பி. வனஜா மாலய போட்டுச்சி, வண்டிக்கு.

அன்னிக்கி சாயங்காலம் குடியாத்தத்துக்குப் போன் போட்டேன். அந்த ஆளு பதறவே இல்ல. சாவகாசமா, இன்னாண்ணா, உங்களுக்குத் தெரியாததா, தெரியுதுன்னு சொல்லித்தான வாங்கினீங்கன்னாரு. போன வச்சிட்டேன். போலீசுக்குப் போலாம்னா மல்லிகா. போயி இன்னான்னு எழுதிக் குடுக்கறது? திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். கத்த முடியுமா?

திருடன்னு அவன சொல்றேன்னு நெனச்சீங்களா. அவன சொல்லல.

அப்பால நானும் சும்மா இல்ல. ஸ்பேனர் செட்டு வாங்கினேன். மொபைல்ல வெள்ளக்காரன் வண்டி பிரிக்கற வீடியோ எல்லாம் பாத்தேன். ஒரு நாளு நாலு போல்ட்டு கழட்டினேன். திரும்ப மாட்டறப்ப மூணுதான் உள்ள போச்சி. நாலாவது எங்கேந்து வந்ததுன்னே தெரியல, இன்னும் மேச டிராயர்ல கெடக்குது. யாராச்சும் கேட்டா, பார்ட்டு வரணும், பம்பாய்ல சொல்லியிருக்கேன்னு சொல்லிடுவேன். ஆனா தெனமும் தொடைச்சிடுவேன். போயி தார்பாய தூக்கிப் பாருங்க, கூச்சப்படாதீங்க. தூக்குங்க. மூஞ்சி தெரியுதா? கல்யாணத்துக்குப் போற வண்டி மாதிரி இல்ல? உள்ள மட்டும் எதுவும் கெடையாது.

போன் அடிக்குது தம்பி. அவனா? எடுங்க.

இன்னா இது. எங்க இன்ஸ்பெக்டர் அங்கிள் பாத்துகினு இருக்காரு, பத்து நிமிஷத்துல சொல்லிடுவாருன்னு சொல்றீங்களே. யாரு உங்கள அப்டி சொல்ல சொன்னது? இல்ல, இல்ல, கோவமில்ல. உக்காருங்க. உங்க மேல எனக்கு இன்னா கோவம் தம்பி, நீங்க நேத்து வந்தவரு. சத்தமா பேசிட்டேன், மன்னிச்சிக்கோங்க.

வனஜா நடக்கறத பாத்திருக்கீங்களா நீங்க? இடது கால இழுத்து இழுத்து வைக்கும். ஏன்னு தெரியுமா? தெரியும். யாரு சொன்னா? பத்ரியா? அத சொல்லித்தான் என்கிட்ட அனுப்பிச்சாரா! ஐயோ, ஐயோ. இன்னான்னு சொன்னாரு, அவரு சொன்ன மாதிரியே சொல்லுங்க. அவ்ளோ பெரிய ஆக்சிடென்ட்டு, அங்கிள் பொறுக்கிக் குடுத்த கெட்டியான வண்டிங்கறதால உசுரு பொழச்சோம்னு. ஆமா. அதத்தான் ஆறு வருஷமா சொல்றாரு. ஆஸ்பத்திரில அது காலுக்கு ராடு போட்டுகினு உள்ள கெடக்குது, வெளில என் கைய புடிச்சிகினு அதத்தான் சொன்னாரு.

அந்த வண்டி ஹடப்சர்ல இருந்திச்சி. நான்தான் போனேன். போனெட்ட அமுக்கிப் பாத்தேன். சைலன்சர் கிட்ட கைய வச்சி மோந்து பாத்தேன். ஆயில் கம்பிய இழுத்து, ரெண்டு வெரல்ல தேச்சி, கண்ண மூடிகினேன். வனஜா பக்கத்துல நின்னுகினு என் வாயவே பாத்துகினு இருந்திச்சி. எடுக்கலாம்னேன். இருவது நாளு கூட ஆவல. சாத்தாராலேந்து திரும்பி வரப்ப கம்பட்கி மலப் பாதைல, எறக்கத்துல, பிரேக் அப்டியே உள்ள போயிடுச்சி. பத்ரி புத்திசாலி, மல பக்கமா கொண்டு போயி மோதி நிறுத்தினாரு. இந்தப் பக்கம் திருப்பியிருந்தா பள்ளம். மோதினது வனஜா பக்கம்.

நொறுங்கின வண்டிய ஜம்பு ஷெட்டுக்குத்தான் இழுத்துகினு வந்தாங்க. நான் போனேன். அவரு கை கழுவிகினே, என்ன பாக்காமலே சொன்னாரு. மாமா, பிரேக் ஆயில் போற ரப்பர் ட்யூப்பு பாளம் பாளமா வெடிச்சிருக்குது, ரொம்ப நாளாவே. டார்ச் அடிச்சி குனிஞ்சா கொழந்தைக்குக் கூட தெரியும்னாரு. அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல அவரு. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

தீபாவளிக்குத் தீபாவளி வனஜா டப்பா கொண்டாரும் தம்பி. முறுக்கு, ரவா லட்டு. அந்தா அந்த ரெண்டு படி இருக்குது பாருங்க, அதுல கைய ஊனி ஏறி வரும். நான் எறங்கி வந்து வாங்கிக்கறேம்மான்னா கேக்காது. பெரியவங்கள எறங்க வைக்கக் கூடாதுன்னும். அது போனதும் மல்லிகா அந்த டப்பாவ எடுத்து யாருக்காச்சும் குடுத்துடுவா. என்ன ஒரு வார்த்த கேக்க மாட்டா. அவளுக்கு எல்லாம் தெரியும், சம்பள சீட்ட பாத்தவளாச்சே.

இன்னா தெரியும்னா... இருங்க. அதான நீங்களும் கேக்கறீங்க. முப்பத்தோரு வருஷம் பைனல்ல இருந்தவரு அந்த ட்யூப்ப எப்டி உட்டீங்கன்னு. பைனல்லதான் இருந்தேன், அதுல ஒரு பொய்யும் இல்ல. இந்தாங்க, உங்க பைக்கு ஆயிடுச்சி. டேங்க்ல பாருங்க, வேப்ப மரம் எல தெரியுதா? கண்ணாடில ஒரு வெரல் ரேக இருந்திச்சி, அதையும் எடுத்துட்டேன். இதான் தம்பி. பைனல்ல நான் பாத்த வேல இதான்.

லைன் முடிஞ்சி வண்டி வரும். அத்தினி பேரு கைய வச்சிருப்பாங்க, கிரீசு, ரேக, தூசி. செக் பண்றவங்க செக் பண்ணி சீட்டு ஒட்டிட்டுப் போயிடுவாங்க. நான் தொடைப்பேன். மஞ்சத் துணி, கம்பெனி வாரத்துக்கு ரெண்டு குடுக்கும். கேவலமான வேல இல்ல அது. அந்த வேலைக்கு நான் ஒரு நாளும் வெக்கப்பட்டதில்ல. சொன்ன பொய்க்குத்தான். பொய்யின்னு கூட இல்ல, ஆரம்பத்துல. ஆடி மாசம் கோயில்ல கூழ் ஊத்தறப்ப ஒருத்தரு கேட்டாரு, எந்த செக்‌ஷன்னு. பைனல்னேன். ஓ, அப்ப நீங்க ஓகே பண்ணாதான் வண்டி வெளியவே வரும்னாரு. நாலு பேரு திரும்பிப் பாத்தாங்க. நான் இல்லன்னு சொல்லியிருக்கணும். சிரிச்சிட்டு சும்மா இருந்துட்டேன். அடுத்த வாரம் அவரு மச்சான் ஸ்கூட்டர் பாக்கக் கூட்டிகினு போனாரு. தட்டிப் பாத்துட்டு எடுக்கலாம்னேன். குருட்டுப் பூன விட்டத்துல பாஞ்ச மாதிரி, அது பன்னெண்டு வருஷம் ஓடிச்சி. அதோட நான் தொலைஞ்சேன்.

குடியாத்தத்துக்கு ஏன் போவலன்னு கேட்டீங்கல்ல. போயிருந்தாலும் அதே வண்டியத்தான் வாங்கிகினு வந்திருப்பேன் தம்பி. பாத்தாலும் பாக்காட்டியும் எனக்கு ஒண்ணுதான். வனஜா கால் அப்டி ஆனப்பறம்தான் அந்த வெறி புடிச்சிது. ஊருக்குத் தெரியாம ஒரு வண்டிய பிரிச்சாவது கத்துகினு, நெஜமாவே அந்த ஆளா ஆயிடணும்னு. கூத்து பாருங்க, பழைய பெயின்ட் மேல டீசல் துணி போட்டுத் தொடைச்சா மூணு நாளைக்கு மினுக்கும். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சதே அது ஒண்ணுதான். அந்தப் பன்னெண்டு போட்டோலயும் அதான் இருந்திச்சி. அதையே நான் பாக்கல. என்ன ஒருத்தன் இன்ஸ்பெக்டரண்ணான்னு கூப்டதும் கண்ணு அவிஞ்சி போச்சி.

அந்த போன எடுங்க இப்ப. வீடியோவ போடுங்க. நெழல்ல காட்டுங்க, இப்டி. ஓட்டுங்க. நிறுத்துங்க. கதவுக் கண்ணாடிய சுத்தி ரப்பர் இருக்குது பாருங்க, அது மினுக்குதா? பத்து வருஷத்து ரப்பரு எங்கியாச்சும் மினுக்குமா? டீசல் துணிய அவசரமா இழுத்திருக்கான், ரப்பர் மேலயும் பட்டிருக்குது. இங்க கீழ, சக்கரத்துக்கு மேல, கோடு கோடா நிக்கிது. இன்னிக்கிக் காலைல தொடைச்ச வண்டி இது, வீடியோவுக்காகவே. இந்த ஒண்ணு மட்டும் நான் சொன்னா நீங்க நம்பலாம். உள்ள எப்டி இருக்குதுன்னு கேட்டா எனக்குத் தெரியாது. நல்லாவும் இருக்கலாம். தெரியாது தம்பி. பாருங்க, எவ்ளோ சுளுவா வருது வாயில, இருவது வருஷமா வராத வார்த்த.

பணம் போடாதீங்க. வேற பார்ட்டிக்குப் போனா போவட்டும். ஜம்பு நம்பர் தரேன், ஒரு நாளு கோலாப்பூருக்குக் கூட்டிகினு போங்க, அவரு படுத்து, பூந்து, டார்ச் அடிச்சி பாத்துட்டு சொன்னாருன்னா வாங்குங்க. ப்ரீதி ஏறி உக்காரப் போற வண்டி.

எழுந்துட்டீங்களா. உக்காருங்க, இன்னும் ஒரு வேல பாக்கி. பத்ரிக்கு போன் போடுங்க. இல்ல, உங்க போன்லேந்து. என் நம்பர பாத்தா எடுத்ததுமே, இன்னா அங்கிள், முட்டி வலி எப்டி இருக்குதும்பாரு. தேவலாம்னுட்டு வச்சிடுவேன். எத்தினியோ தடவ நெசத்த சொல்ல வந்துட்டு அப்டித்தான் வச்சிருக்கேன். அங்கிள் பாத்துட்டாரா, வாங்கலாமான்னு உங்கள கேப்பாரு. பதில் சொல்லாதீங்க, என்கிட்ட குடுத்துடுங்க.

அடிக்குதா? இந்தத் துணிய கொஞ்சம் புடிங்க. இல்ல, நீங்களே வச்சிக்கோங்க. ஆங், குடுங்க.

ஹலோ. பத்ரி, நான் சுந்தரமூர்த்தி பேசறேன். இருங்க, அந்தப் பையன் வண்டி விஷயம் இல்ல. வனஜா பக்கத்துல இருக்குதா? நடந்து வர வேணாம், உக்காந்த எடத்துலயே இருக்கட்டும். நீங்க போன கொண்டு போயி அது கைல குடுங்க.